பிளேன் கிரவுண்டை மூடவைத்த கடிதம்

திருவண்ணாமலையில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆசிரமத்துப் பக்கம் நான் இப்போது வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் தங்க வருகிறவர்களிடம் ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "மேப்ல அப்படி எதுவும் இல்லையே" என்று போனைத் திருப்பிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆனால் இருந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண் பாதையில் போனால் ஒரு இரும்பு கேட், அதைத் தாண்டி ஒரு தார் ஓடுதளம், இரண்டு சின்ன விமானங்கள் நிற்க ஒரு தகரக் கொட்டகை, ஆபீஸ் மாடியில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு அறை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கம்பெனி அதை நடத்தியது. ஊரில் யாரும் அதை விமான நிலையம் என்று சொன்னதில்லை. பிளேன் கிரவுண்டு என்பார்கள். பஸ் கண்டக்டர்கள்கூட "பிளேன் கிரவுண்டு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள்.

ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன். ஓடுதளத்தைப் பார்வையிடுவதுதான் என் வேலை. ஒரு விமானம் கிளம்புவதற்கு முன்னாலும் இறங்குவதற்கு முன்னாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் போகவேண்டும். நாய், ஆடு, மயில் எது இருந்தாலும் விரட்டவேண்டும். கல் கிடந்தால் பொறுக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சைக் கொடி காட்டுவேன். மாடி அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும் சார் அதைப் பார்த்துவிட்டு மேலே இருப்பவர்களுக்கு மைக்கில் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் விமானம் கீழே வரும். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் என்னைக் கொடிக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ரேடியோ சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். விமானப்படையில் ரேடியோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் இஸ்திரி போட்ட சட்டை. மழையோ வெயிலோ கையில் ஒரு கருப்புக் குடை இருக்கும். மதியம் நானும் அவரும் மாடி அறையில்தான் சாப்பிடுவோம். அவர் வீட்டு வத்தக்குழம்பு எனக்கு, என் வீட்டுக் கீரைக் கடைசல் அவருக்கு. "ஏம்மா, உங்க வீட்ல உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை வழித்துவிடுவார். ரேடியோவில் பேசும்போது மட்டும் வேறு ஆள் மாதிரி இருப்பார். குரல் அப்படியே கல் மாதிரி நிற்கும். முதல் தடவை தனியாகப் பறக்கிற பிள்ளைகள் பயத்தில் உளறினாலும் இவர் குரலைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள்.

சுற்று வட்டாரத்தில் அந்த இடத்தைப் பிடிக்காதவர் கிடையாது. விமானம் பறக்காத நேரத்தில் அது எல்லோருடைய இடம். விடியற்காலை நடக்க வருகிறவர்கள் வருவார்கள். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் வருவார்கள். வேர்க்கடலை பிடுங்குகிற பருவத்தில் ஓடுதளத்தின் மேற்குக் கோடியில் எங்கள் ஊர்ப் பெண்கள் கடலையைக் கொட்டிக் காயவைப்பார்கள். தார் சூட்டில் இரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். விமானம் வருகிறது என்று நான் மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து தார்ப்பாயை ஓரத்துக்கு இழுத்துவிடுவார்கள். என் பெரியம்மாதான் அதற்குத் தலைவி.

வேலியில் அந்த மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் கடலை வந்தது, பெரியம்மா வந்தாள், ஆடு மாடும் வந்தன.

அந்த வருஷம் சேலத்திலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுப்போய் வாடிக் கிடந்தவளை நான்தான் எங்களோடு உட்காரவைத்தேன். அதன்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் ஆனோம். அதிகம் பேசமாட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு மூன்று டப்பாவையும் அவளே கழுவி வைப்பாள்.

இனி அந்த எருமை. ஒரு நாள் காலையில் அவள் தனியாகப் பறந்துகொண்டிருந்தாள். இறங்கப் போகிறாள் என்று சார் மேலேயிருந்து கை காட்டினார். நான் மொபெட்டில் கிளம்பினேன். பாதி தூரம் போயிருப்பேன், பெரியம்மா எதிரே தலையில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் வாரிட்டோம்டி. அங்க ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கோடி வரைக்கும் காலியாகத்தான் தெரிந்தது. அவளோடு இரண்டு வார்த்தை பேசினேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. விமானச் சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலிருந்தே கொடியைக் காட்டிவிட்டு வண்டியை ஓரத்துக்குத் திருப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒன்பது வருஷத்தில் அந்த ஒரே தடவை.

விமானம் என்னைத் தாண்டி இறங்கி ஓடியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வேலி ஓட்டையிலிருந்து ஒரு எருமை நிதானமாக நடந்து வந்து தாரின் நடுவில் நின்றது. விமானம் அதற்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது போலத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று கரண்ட் கம்ப தூரமாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு விமானம் திரும்பி கொட்டகைக்கு வந்தது. அவள் இறங்கி, எதுவும் நடக்காத மாதிரி தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

நான் மாடிக்குப் போய் சாரிடம் உண்மையைச் சொன்னேன். "சார், நான் கடைசி வரைக்கும் போகல. பாதியிலயே கொடி காட்டிட்டேன்."

அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணும் ஆகல இல்ல, விடு. இனிமே இப்படிப் பண்ணாத" என்றார். அன்றைய நோட்டில் எதுவும் எழுதவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அந்தப் பெண் பயிற்சியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றாள். நம்பினேன். பெண் பிள்ளைகளை அப்படிப் பாதியில் கூப்பிட்டுக்கொள்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது.

விமானத்துறை மேலிடத்துக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் அங்கே வேலை பார்த்த எங்கள் ஆறு பேரையும் ஆபீஸில் உட்காரவைத்து அதன் நகலைப் படித்தார். தமிழில், கம்ப்யூட்டரில் அடித்த கடிதம். வேலி உடைந்து கிடக்கிறது, கால்நடைகள் வருகின்றன, தீயணைப்பு வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. எல்லாம் ஊருக்கே தெரிந்த சமாசாரம். நான் அலட்சியமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் குரலை உயர்த்தினார்: "ஓடுதளத்தைப் பார்வையிடும் பெண் பாதி தூரம் மட்டுமே சென்று கொடி காட்டிவிட்டுத் திரும்புகிறார். அதை நம்பி விமானம் இறக்கப்படுகிறது."

நிமிர்ந்து சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாதியில் திரும்பியது இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவருக்கும். பெரியம்மா என்னோடு நின்றவள்தான், ஆனால் கொடிக்கும் தூரத்துக்கும் என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியாது. கடிதம் அடிக்கிற ஆளும் இல்லை அவள். அப்படியானால் மிச்சம் யார்? அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டாமல் "விடு" என்று சொன்னாரே, அதுகூட எனக்கு அப்போது வேறு மாதிரி தெரிந்தது. மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சிரித்திருக்கிறார். நோட்டில் எழுதாமல் விட்டதும் தன்மேல் பழி வராமல் இருக்கத்தான். இப்படி ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டே போனேன். ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாக வந்து நிற்கிறது.

மேனேஜர் மேஜையில் விட்டுப்போன நகலை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு அடித்துத் தரும் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையில் முகத்தைப் பார்த்தே துரத்திவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எழுத்து நம்ம கடை மாதிரிதான் கீது. ஆனா யார் அடிச்சாங்கன்னு எப்படிம்மா சொல்றது? ஒரு நாளைக்கு எத்தனை மனு அடிக்கிறேன்."

"பிளேன் கிரவுண்டுல இருந்து யாராவது வருவாங்களா?"

"ஒரு சார் வருவாரு. ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவரு. கையில குடை வெச்சிக்கினு. போன வாரம்கூட வந்தாரே."

எனக்கு அது போதும். வேறு எதுவும் கேட்கவில்லை. எதற்கு வந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கடையை விட்டு இறங்கினேன். ரோட்டில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஆட்டோ ஏறினேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மாடியிலிருந்து அவர் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. அவருக்கே குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. அவர் பார்வையிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்ததையும் செய்துவிட்டு முறைப்பு வேறா என்று எனக்குக் கொதித்தது. அந்த வாரக் கடைசியில் மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்: "கடிதம் எழுதினது ரேடியோ சார்தான். கடையிலயே விசாரிச்சிட்டேன்."

மேனேஜர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவேயில்லை. "சரி, நீங்க போங்க" என்றார்.

திங்கட்கிழமை சார் மாடியில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. குடையை வெயிலுக்கு விரித்துப் பிடித்திருந்தார். மேலே மைக்கில் மேனேஜரின் உறவுக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நான் மொபெட்டில் கேட்டைத் தாண்டும்போது அவர் எழுந்து நின்று கேட்டைத் திறந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பவேண்டும், புதுத் தீயணைப்பு வண்டி வேண்டும், இன்னும் ஆட்கள் போடவேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கம்பெனி யோசித்தது. பிறகு, வேறு ஊரில் இருக்கும் தங்கள் இன்னொரு மைதானத்துக்கு விமானங்களைக் கொண்டுபோய்விடுகிறோம் என்று எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது.

ஊரில் ஆளுக்கொரு கதை. மலைக்கு மேலே விமானம் பறந்தது சாமிக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். உண்மையில் விமானங்கள் மலைக்கு முன்னாலேயே திரும்பிவிடும், சார் அதில் கறாராக இருப்பார். யாரோ பணக்காரர் இடத்தை வாங்கி பிளாட் போடப்போகிறார் என்றார்கள். கடிதம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்களைக் கடலை காயவைக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததால் அவர்கள்தான் எழுதிப்போட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. பெரியம்மா கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். என்னையும் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்தது. நான் யாரைச் சந்தேகப்படுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசி நாள் காலையில் ஊரே வந்துவிட்டது. பெண்கள் விமானத்துக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள். கார் ஓட்டப் பழகியவர்கள் எல்லாம் ஓடுதளத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேட்டில் சார் வந்தவர்கள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் கடைசி வரைக்கும், வேலி ஓட்டை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கொடி காட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் கிளம்பி, ஊரை ஒரு சுற்று சுற்றி, தெற்கே திரும்பிப் போய்விட்டன. பெரியம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கூட்டம் கலைந்தபோது கேட்டில் நாற்காலி காலியாக இருந்தது. நோட்டு மட்டும் இருந்தது.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. வேலி ஓட்டையை கம்பெனி அடைத்துவிட்டது. இருந்தவரைக்கும் அடைக்காதவர்கள் போன பிறகு அடைத்தார்கள். தாரின் பிளவுகளில் சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது. எங்கள் ஊர்க் கடலை இப்போது பஸ் போகிற ரோட்டில்தான் காய்கிறது.

இந்த ஏழு வருஷமும் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் அன்பாகப் பேசினாலும் எதற்குப் பேசுகிறார் என்று யோசிப்பேன். கெஸ்ட் ஹவுஸில் கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டேன். சாரை ஒரு தடவை பெரிய தெருவில் பார்த்தேன். அவர் ஒரு கடைக்குள் போய்விட்டார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் கிரிவலத்துக்காக வந்தார்கள். ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லி நோட்டை நீட்டினேன். அவள் எழுதாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, என்னைத் தெரியலையா?"

உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாளாம். அம்மாவை அறையில் விட்டுவிட்டு வந்து என்னோடு வராந்தாவில் உட்கார்ந்தாள். கிரவுண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். பூட்டிக் கிடக்கிறதே என்றாள். யாரோ மொட்டைக் கடிதம் போட்டு மூடவைத்துவிட்டார்கள் என்றேன். அவள் முகம் மாறியது.

"மூடுவாங்கன்னு நான் நெனைக்கவேயில்லைக்கா. ஒரு வேலி போடுவாங்கன்னுதான் எழுதினேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீயா?"

"நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில பிரிண்ட் எடுத்து அனுப்பினேன். மொதல்ல இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொன்னேன். நீ ஒழுங்கா எறங்குனியா இல்லையா, அத மட்டும் பாருன்னுட்டாரு. பிரேக் புடிச்சி நிறுத்தினப்போ எருமைக்கும் எனக்கும் ஒரு பஸ் நீளம்கூட இல்ல. அதோட கண்ணு தெரிஞ்சது. அதுக்கப்புறம் உள்ள ஏறி உக்காந்தாலே கை நடுங்க ஆரம்பிச்சிருச்சி. அதான் விட்டுட்டுப் போனேன்."

நான் மூன்று கரண்ட் கம்பம் என்று சொல்லிவைத்திருந்தது ஒரு பஸ் நீளம்.

"நான் பாதியிலயே திரும்பினேன்னு எழுதியிருந்துச்சே. அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "மேல இருந்து எல்லாம் தெரியும்க்கா. ரன்வே மொத்தமும் ஒரு ஸ்கேல் மாதிரி கீழ கெடக்கும். உங்க மொபெட்டு போறது, நிக்கிறது, நீங்க யார்கூடவோ பேசறது, திரும்பறது, எல்லாம் பாத்துக்கிட்டுதான் வந்தேன். சார் கிளியர்னு சொன்னதால எறங்கினேன்."

ஒன்பது வருஷம் அந்த இடத்தில் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. மேலே இருப்பவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு யோசிக்கவே தோன்றியதில்லை. யாருக்காகக் கொடி காட்டினேனோ அவளை விட்டுவிட்டுத்தான் இரண்டே பேர் என்று எண்ணியிருக்கிறேன்.

"உங்ககிட்ட சொல்ல மூஞ்சி இல்லக்கா. உங்க டப்பாவுலதான் தினம் சாப்பிட்டேன்" என்று அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எழுதினதில் ஒரு வரி பொய் இல்லையே, அழாதே என்றேன். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து போளூர் ரோட்டில் சார் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். என்னை உள்ளே விடலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். பிறகு சார் உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. காதில் ஒரு மிஷின் வைத்திருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சேலத்துப் பெண் வந்ததையும் சொன்னதையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணா?" என்றார். "நல்லா லேண்ட் பண்ணும்."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீதான் எழுதினன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்மா."

"நானா? என்னைப் பத்தியே நான் எழுதுவேனா சார்?"

"அதனாலதான் நெனச்சேன். தன்னையும் சேத்து எழுதிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கல்ல? கடலை காயவைக்கக் கூடாதுன்னு கம்பெனி சொன்னதுல உங்க ஊருக்குக் கோவம். அதுவும் இல்லாம நான் கண்ணால பாத்தேன். மனு அடிக்கிற கடையில இருந்து நீ எறங்கி வந்த. நான் எதுத்தாப்புல நின்னுட்டிருந்தேன். நீ என்னைப் பாக்காத மாதிரி ஆட்டோல ஏறிட்ட."

"யார் அடிச்சாங்கன்னு விசாரிக்கப் போனேன் சார்."

"நான் பென்ஷன் பேப்பர் அடிக்கப் போனேன்."

அவர் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னும் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறாரோ.

"சார், உங்களைக் கேட்டுல உக்கார வெச்சதுக்கு நான்தான் காரணம். மேனேஜர்கிட்ட நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னேன்."

அவர் காது மிஷினைத் தொட்டுச் சரிசெய்தார். சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னையும் மேனேஜர் கேட்டாரு, உங்களுக்கு யார் மேல சந்தேகம்னு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்" என்றார். "கேட்டுல உக்காந்தது பரவால்லம்மா. அதுவும் வேலைதான். கடைசியா ரெண்டு பிளேனும் கெளம்பினப்போ நான் மைக்ல இல்ல. எவனோ ஒருத்தன் பேசினான். அதான்."

அவர் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் டி.வி.யில் ஓடிய செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் போன் நம்பர் இருக்கிறதா என்று சார் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு நொடி மனசு கணக்குப் போட்டது. என்னை நானே கடிந்துகொண்டு எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அவள் போன் செய்தாள். சார் பேசினாராம். முக்கால் மணி நேரம் அந்த லேண்டிங்கைப் பற்றியே கேட்டாராம். என்ன வேகத்தில் வந்தாய், எப்போது பிரேக் பிடித்தாய், காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாய், பயந்து பயிற்சியை விட்டிருக்கவேண்டியதில்லை என்றாராம். சொல்லும்போதே அவள் குரலில் சந்தோஷம்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லையேக்கா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

எனக்கு அவர் போன் செய்யவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். அவர் மனைவி இந்தத் தடவை கதவைத் திறப்பாரா என்று தெரியவில்லை. திறந்தால் சாரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும்.